பிரசாதக் கிண்ணத்தின் கணக்கு



சென்ற நவராத்திரியின்போது ரோலாவில் ஓர் அடியவர் வீட்டில் பூசை முடிந்த பின் ஒரு சிறு குழப்பம் நடந்தது. பொங்கல் சட்டியைக் கொண்டுவந்த தஞ்சாவூர் அம்மையார், "சுகர் உள்ளவங்களும் தாராளமா சாப்பிடலாம், இதிலே சர்க்கரையே போடலை" என்றார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டு மனமகிழ்ந்து இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் பழுப்பு நிறக் கட்டி. வெள்ளையாக இருப்பது சீனி. அம்மையாரின் ஊரிலோ வெள்ளையானதுதான் சர்க்கரை. பழுப்புக் கட்டிக்கு வெல்லம் என்று பெயர். (ஆனால் அங்கேயும் சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) அம்மையார் முக்கால் கிலோ வெல்லம் போட்டிருந்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை, பெரியவர் விளங்கிக்கொண்டதும் பிழையில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெரியவரின் மீற்றர் 318 காட்டியது.

இதன் பிறகுதான், "நீங்கள் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பவராயிற்றே, பிரசாதத்துக்கும் ஒரு கணக்கு எழுதித் தாருங்கள்" என்று சபையினர் கேட்டார்கள். நான் டொக்டர் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன்; ஆறு வருடமாக நீரிழிவுக்காரனும்கூட. ஆகையால் மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு. இங்கே நான் எழுதுவது கிண்ணத்துக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்.

சீனி, வெல்லம், பனங்கட்டி, தேன், அரிசி, கோதுமை மா, ரவை, சவ்வரிசி, சேமியா, அவல் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பகுதியாக இருப்பது காபோவைதரேற்று. அதை இந்தக் கட்டுரை முழுவதும் மாச்சத்து என்றே எழுதுகிறேன். அரிசியில் உள்ள மாச்சத்து நாக்குக்கு இனிப்பதில்லை. ஆனால் அது குளுக்கோசு என்ற சீனியின் நீண்ட சங்கிலிதான். வாயிலும் குடலிலும் அந்தச் சங்கிலி அறுந்து, குருதிக்குள் குளுக்கோசாகவே போய்ச் சேர்கிறது. நாக்கு இனிப்பைப் பார்க்கிறது. குருதி கிராமைப் பார்க்கிறது. நாம் இவ்வளவு காலமும் நாக்கின் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு குருதியின் கணக்கை எழுதப் பார்த்திருக்கிறோம்.

அந்த நவராத்திரிச் சட்டியையே எடுத்துக்கொள்வோம். அம்மையாரிடம் கேட்டு எழுதிக்கொண்ட அளவு இது:

பச்சையரிசி 500 கிராம் – மாச்சத்து 390 கிராம்
வறுத்த பாசிப்பருப்பு 100 கிராம் – 58 கிராம்
வெல்லம் 750 கிராம் – 640 கிராம்
மொத்தம் – 1088 கிராம்

முந்திரிகை வற்றல், பால் முதலியவற்றைச் சில்லறைச் செலவு என்று விட்டுவிட்டேன். வெந்து இறக்கியபோது சட்டியில் ஏறத்தாழ 3.2 கிலோ பொங்கல் இருந்தது. அதை 40 கிண்ணங்களில் வைத்தார்கள். அப்படியென்றால் கிண்ணம் ஒன்று 80 கிராம், அதில் மாச்சத்து 27 கிராம். பெரியவர் சாப்பிட்ட இரண்டு கிண்ணத்தில் 54 கிராம். வேகவைத்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் அளவில் மாச்சத்து இருக்கும். ஆகவே அவர் பிரசாதம் என்று உட்கொண்டது கிட்டத்தட்ட 190 கிராம் சோற்றுக்குச் சமம். அதன் பிறகு வீட்டுக்குப் போய் வழமையான இராச்சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறார். 318 வந்ததில் என்ன ஆச்சரியம்?

இப்பொழுது பலரும் கேட்கும் முதற் கேள்வி: வெல்லத்துக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால்? நான் பனங்கட்டியோடு வளர்ந்தவன். வெறும் தேத்தண்ணியைக் குடித்துப் பனங்கட்டித் துண்டைக் கடிக்கும் சுகம் வேறெதிலும் இல்லை. அதில் சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பதும் உண்மை. ஆனால் மாச்சத்துக் கணக்கில் பனங்கட்டிக்கும் வெல்லத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது. தேனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம். அதில் தண்ணீர் கலந்திருப்பதால் மட்டுமே அது குறைவாகத் தெரிகிறது. "இயற்கையானது, ஆகவே ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நமது சபையிலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சினால் கெட்டவர்கள், வெள்ளைச் சீனியை வெளிப்படையாகச் சாப்பிட்டுக் கெட்டவர்களைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்வி: வெல்லத்தை முற்றாக நீக்கி, கடையில் விற்கும் செயற்கை இனிப்பைப் போட்டால்? அப்பொழுது 640 நீங்கிவிடும். ஆனால் அரிசியும் பருப்பும் சேர்ந்த 448 அப்படியே நிற்கும். அதை 40 கிண்ணமாகப் பிரித்தால் கிண்ணத்துக்கு 11 கிராம்.

இந்த இடத்தில் இன்னொரு வழியையும் பாருங்கள். ஊர்க் கோயிலில் ஐயர் பிரசாதத்தை எப்படித் தந்தார்? கிண்ணத்திலா தந்தார்? வலது உள்ளங்கையில் சிறு உருண்டையாக வைத்தார். அது 25 கிராமுக்கு மேல் இராது. வெல்லம் குறையாமல், நெய் குறையாமல் செய்த அதே பொங்கலில் 25 கிராம் எடுத்தால் மாச்சத்து எட்டரைக் கிராம். அதாவது, "சுகர் ஃப்ரீ" பொங்கலில் ஒரு கிண்ணத்தைவிட, அசல் பொங்கலில் ஓர் உள்ளங்கை அளவு குறைவான செலவு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நானே நம்பாமல் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஆகையால் நைவேத்தியத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சுவாமிக்குப் படைப்பதில் சுக்ரலோஸ் போடலாமா என்று சில பெரியவர்கள் கவலையோடு கேட்கிறார்கள். அந்தத் தர்க்கத்துக்குள் போகவே தேவையில்லை. மாற்ற வேண்டியது பிளாஸ்டிக் கிண்ணம். வளைகுடா நாட்டுக்கு வந்த பிறகுதான் நாம் பிரசாதத்தை உணவுப் பொதியாக மாற்றினோம். வெள்ளிக்கிழமைகளில் தனியாக இருக்கும் தொழிலாளிப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் தொடங்கிய வழக்கம் அது. அவர்களுக்கு அது தொடரத்தான் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த நமக்கு உள்ளங்கை போதும்.

செயற்கை இனிப்புகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்; வீட்டில் பாயசம், கேசரி என்று செய்கிறவர்களுக்கு அவை உதவும். சக்கரின் 1879இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாக்கில் கசப்பு நிற்கும். அஸ்பாட்டேம் 1965இல் வந்தது. அதிக நேரம் கொதித்தால் இனிப்புக் கெட்டுவிடும், ஆகவே இறக்கிய பிறகே கலக்க வேண்டும். ஃபினைல்கீற்றோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது. சுக்ரலோஸ் 1976இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் பிறந்தது. அங்கே ஆராய்ச்சி செய்த சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய மாணவர், "சோதித்துப் பார்" என்று சொன்னதைச் "சுவைத்துப் பார்" என்று காதில் வாங்கி, நாக்கில் வைத்தாராம். சீனியைவிட அது 600 மடங்கு இனிப்பு. அடுப்பில் வைத்துச் சமைக்க நமக்கு ஏற்றது இதுதான். சீனித்துளசி என்று நாம் சொல்லும் ஸ்டீவியாவும் சூட்டைத் தாங்கும். ஆனால் பாலோடு சேரும்போது ஒரு பின்கசப்பு வருகிறது, என் வீட்டில் பிள்ளைகள் அதை ஏற்கவில்லை.

இவற்றில் எதுவும் பாகு பிடிக்காது, நிறம் தராது, பலகாரத்தைக் கட்டியாக்காது. எள்ளுருண்டையைச் சுக்ரலோஸில் பிடிக்கப் போய் மாவை மேசையெல்லாம் கொட்டியவர்களில் நானும் ஒருவன்.

சென்னையில் மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசேர்ச் பவுண்டேசன் ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டது. நீரிழிவு உள்ளவர்கள் தேநீரிலும் கோப்பியிலும் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் போட்டு 12 வாரம் குடித்தார்கள். உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிது குறைந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் பெரிய மாற்றம் இல்லை. கெடுதியும் செய்யவில்லை, அற்புதமும் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், எடை குறைப்பதற்கென்று செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தது. பத்திரிகைத் தலைப்பில் இரண்டாவது பாதி வரவில்லை.

இனிப்புக் கடைகளில் "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுத் தரங்களுக்கான கோடெக்ஸ் விதிப்படி, 100 கிராமில் அரைக் கிராமுக்கு மேல் சீனி இல்லாவிட்டால் அப்படி எழுதலாம். மாவையும் மால்டிற்றோல் போன்ற இனிப்பு மதுசாரங்களையும் அந்தச் சொல் கட்டுப்படுத்தாது. மால்டிற்றோல் சீனியைவிட மெதுவாகவும் குறைவாகவும் குருதியில் ஏறும். ஆனால் ஏறத்தான் செய்யும். நாலைந்து துண்டு சாப்பிட்டால் வயிற்றோட்டமும் வரும். ஆகவே பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பி, மொத்தக் காபோவைதரேற்று எத்தனை கிராம் என்ற வரியைப் பாருங்கள். ஐந்தொகையைப் பார்க்காமல் விளம்பரத்தைப் பார்த்துப் பங்கு வாங்குபவரை நாம் என்ன சொல்வோம்? அமீரக அரசாங்கமும் இந்த வழிக்கு வந்துவிட்டது. 2017இல் வாயு நிரப்பிய பானங்களுக்கும், 2019 டிசம்பரில் மற்ற இனிப்புப் பானங்களுக்கும் 50 சதவீத வரி விதித்தது. 2026 ஜனவரி முதல் 100 மில்லிலீற்றரில் எத்தனை கிராம் சீனி என்பதைப் பொறுத்து வரி என்றாயிற்று.

பேரீச்சம்பழத்துக்கு வருவோம். றமழான் மாதத்தில் பக்கத்து வீட்டு அரபுக் குடும்பம் அன்போடு ஒரு தட்டு அனுப்பும். அதைத் திருப்பி அனுப்ப மனம் வராது. இந்த நாட்டிலேயே, அல் அய்னில், ஆராய்ச்சியாளர்கள் ஃபர்த், லுலு, பூமான், தப்பாஸ், கலாஸ் என்ற ஐந்து வகைப் பழங்களை நீரிழிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுத்துச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். குளுக்கோசு குருதியில் ஏறும் வேகத்தை 100 என்று வைத்தால், இந்தப் பழங்கள் ஏறத்தாழ 44 முதல் 55 வரைதான் வந்தன. சென்னையில் சோதித்த சாதாரண வெள்ளைச் சோறு 79. ஆகப் பேரீச்சம்பழம் நாம் பயந்த அளவுக்குப் பொல்லாதது அல்ல. ஆனால் இது வேகத்தின் கணக்கு. தொகையின் கணக்கு வேறு. சிறிய பழம் ஒன்றில் 6 கிராம், பெரிய மெட்ஜூல் பழத்தில் 18 கிராம் மாச்சத்து. இரண்டு சிறிய பழம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லலாம். மெட்ஜூல் என்றால் ஒன்றைப் பிளந்து மனைவியோடு பங்கு போட வேண்டும்.

மோதகத்தில் நமது கணக்கு மறுபடியும் தவறுகிறது. உள்ளே வைக்கும் பயற்றங் கலவையில் சர்க்கரையை நீக்கிவிட்டுச் சுக்ரலோஸ் போட்டேன் என்று பெருமைப்படுவார்கள். ஆனால் வெளித்தோலில் 25 கிராம் அரிசி மா இருந்தால் அதுவே 19, 20 கிராம் மாச்சத்து. அவித்த பயறும் தேங்காய்ப்பூவும்தான் அந்த மோதகத்தில் நல்ல பகுதி. ஆகவே தோலை மெல்லியதாகத் தட்டிச் சிறிதாகப் பிடியுங்கள். சிலர் குரக்கன் மாவுக்கு, அதாவது கேழ்வரகுக்கு, மாறுகிறார்கள். நார் அதிகம், நல்லதுதான். மாச்சத்து அதிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் உண்டு. இந்தியா முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு நீரிழிவு என்று 2023இல் சொன்னது. அதே ஆய்வுக் குழு 2025இல் உணவைப் பற்றி எழுதியது: இந்தியர்கள் தம் உணவுச் சக்தியில் 62 சதவீதத்தை மாச்சத்திலிருந்து பெறுகிறார்கள், தீட்டிய தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினாலும், மொத்த மாச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டாவிட்டால் ஆபத்துக் குறைவதாகத் தெரியவில்லை. குரக்கன் பிட்டை மலைபோல் குவித்துச் சாப்பிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புரதத்தைக் கூட்ட நாம் எங்கும் போக வேண்டியதில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் அதுதான் நமது பிரசாதம். அவித்த கொண்டைக்கடலை 80 கிராமில் மாச்சத்து 21 கிராம் வரும். ஆனால் அதில் 6 கிராம் நார், கூடவே 7 கிராம் புரதம். மீதி மாச்சத்தும் ஊர்ந்துதான் ஏறும்; முன்பு சொன்ன அந்த அளவுகோலில் கடலை 30க்குப் பக்கத்தில் நிற்கிறது. கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூவும் மாங்காய்த் துண்டும் தூவிக் கொடுத்தால் இனிப்பை யார் தேடப் போகிறார்கள்? சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் கடலை, பருப்பு அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பண்டிகை நாளில் ஒரு பாயசம் இல்லாவிட்டால் வீடு வீடாக இருக்காது. என் மனைவி பலமுறை செய்து சரிப்படுத்திய முறை இது. எட்டுப் பேருக்குப் போதும். பாசிப்பருப்பு 100 கிராமை வாசனை வரும்வரை வறுத்து, குழைய அவித்துக்கொள்ள வேண்டும். நான்கு சிறிய பேரீச்சம்பழங்களைக் கொட்டை நீக்கி, சுடுநீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்துச் சேர்க்க வேண்டும். வெல்லத்தின் நிறம் இதிலிருந்து வரும். இரண்டாம் தேங்காய்ப்பால் இரண்டு கோப்பை விட்டுக் கொதிக்க விடுங்கள். சவ்வரிசி போடக்கூடாது. அது முழுக்க முழுக்க மா. பாயசம் தடிப்பதற்கு மசித்த பருப்பே போதும். இறக்கும் தறுவாயில் முதற்பால் ஒரு கோப்பை, ஏலக்காய், மிகச் சிறிதளவு சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை மறக்க வேண்டாம். குறைந்த இனிப்பை அது எடுத்துக் காட்டும். சுவைத்துப் பார்த்து, போதாவிட்டால் மட்டும் சுக்ரலோஸ். கஜுவை நெய்யில் பொரித்துப் போடலாம். கொலஸ்திரோல் உள்ளவர்கள் முதற்பாலைப் பாதியாக்குங்கள். கணக்கு: பருப்பு 58, பழம் 24, தேங்காய்ப்பால் சுமார் 10; மொத்தம் 92. ஆளுக்குப் பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 150 கிராம் சர்க்கரையும் 50 கிராம் சவ்வரிசியும் போட்டுச் செய்யும் வழமையான பாயசத்தில் ஆளுக்கு 30 வரும்.

இவ்வளவும் சீனி ஏறுவதைப் பற்றியது. இறங்குவதைப் பற்றி எழுதாமல் முடித்தால் பாடம் அரைகுறையாகிவிடும். அதுதான் நிமிடக் கணக்கில் ஆளை வீழ்த்துவது.

இரண்டு வருடத்துக்கு முன் கந்தசஷ்டி ஐந்தாம் நாள். ரோலாவில் ஒரு மாடி வீட்டில் கந்தபுராணப் படிப்பு. விரதமிருந்த அன்பர் ஒருவர், வழமைபோலக் காலையில் தன் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தார். படிப்பு நடக்கும்போதே அவருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். உடனே ஒருவர் ஓடிப்போய்க் குளிர்பானம் கொண்டுவந்தார். "அண்ணைக்கு நீரிழிவு, பார்த்து எடுத்து வா" என்று இன்னொருவர் எச்சரித்ததால், சீனி இல்லாத டயட் பானமாகப் பார்த்து எடுத்து வந்தார். அந்த வீட்டிலிருந்த அத்தனை பேரும் அக்கறையாகத்தான் இருந்தோம். ரின்னைத் திறந்து அவர் வாயில் வைத்தது நான்தான். அதில் ஒரு கிராம் மாச்சத்துக்கூட இல்லை. ஐந்து நிமிடம் வீணாகிற்று. அவர் கண் செருகத் தொடங்கியபோது, தாதியாக வேலை செய்யும் நமது சபைத் தங்கை ஒருவர் குசினிக்குள் இருந்து வந்து, என் கையிலிருந்த ரின்னைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். கால் மணித்தியாலத்தில் அன்பர் எழுந்து உட்கார்ந்து, எந்தச் சருக்கத்தில் நிற்கிறோம் என்று கேட்டார்.

அன்று அந்தத் தங்கை எங்களுக்குச் சொல்லித் தந்தது: மீற்றர் 70க்குக் கீழே காட்டினால் (லீற்றருக்கு மில்லிமோல் கணக்கில் பார்க்கும் நாடுகளில் ஏறத்தாழ 4), 15 கிராம் சீனி உடனே கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனி, அல்லது அரைக் கோப்பை சாதாரண பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது ஆகாரம். சொக்கலேற்று, லட்டு போன்றவை அந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சீனியை மறித்து வைக்கும். அகார்போஸ் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரண சீனியும் விரைவாக வேலை செய்யாது. அவர்களுக்குக் குளுக்கோசே வேண்டும். ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 998ஐ அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிமிப்பிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், சஷ்டியோ கௌரி விரதமோ எடுப்பதற்கு முன்பே வைத்தியரிடம் போய் அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். விரதத்தை விட முடியாது என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நோன்பு பிடிக்கும் நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் மருந்தை மாற்றிக் கொடுத்துப் பழகிய வைத்தியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்; நமது விரதம் அவர்களுக்குப் புதிதாக இராது.

அடுத்த பூசையிலிருந்து சபையில் சில ஏற்பாடுகள். பொங்கல் உள்ளங்கையில் தரப்படும், சுண்டல் கிண்ணத்தில். சட்டியின் பக்கத்தில் ஒரு அட்டையில் "வெல்லம் 750 கிராம்" என்பதுபோல் அளவு எழுதி வைக்கப்படும். சர்க்கரை என்ற சொல் அதில் வராது. செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலுள்ள தட்டில் மூடிபோட்ட போத்தல் ஒன்றில் சாதாரண வெள்ளைச் சீனியும், அதனருகே தேக்கரண்டியும், ஒரு மீற்றரும் இருக்கும். தேத்தண்ணிக்குச் சீனி முடிந்துவிட்டது என்று யாரும் தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம்.